யாரோ பிடித்து வைத்த தண்ணீர்

கல்லறைத் தோட்டத்தின் வழியே தனியாக வருவதற்கு ஊரார் அஞ்சிய காலத்தில், அது குறுக்குவழி என்ற ஒரே காரணத்துக்காக அவ்வழியே மிதிவண்டியில் வீடு திரும்பியவன் நான். பேய், ஆவி, காற்று, கருப்பு என்று எவர் எதைச் சொன்னாலும் நகைத்துவிட்டு நகர்ந்தவன். அருப்புக்கோட்டையில் தமிழாசிரியனாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, எதனையும் ஐயுற்று ஆராய்ந்து தெளியுமாறு மாணாக்கர்க்குக் கற்பித்தவன். ஞாயிறுதோறும் திருச்சபையில் மறைநூல் வாசித்தவன். இவற்றையெல்லாம் முதலிலேயே கூறிவிடுவது, இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு 'பெரியவருக்கு வயதாகிவிட்டது' என்று தாங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. கட்டினாலும் குறையில்லை. நான் கண்டதைக் கண்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் பணி ஓய்வு பெற்றிருந்தேன். என் அக்கா பாக்கியம் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தார். கணவரை இளமையிலேயே இழந்தவர். அவருடைய ஒரே மகள் எஸ்தர் இலண்டனில் செவிலியாகப் பணிபுரிந்தாள். மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. எந்தத் திங்களில் எந்தக் கடலில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. எஸ்தரின் முதல் கரு கலைந்தபோது அருகில் ஒருவரும் இல்லை. அச்செய்தி வந்த நாளில் அக்கா அழவில்லை. "அடுத்த தடவ நான் பக்கத்துல இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். மறுமுறை அவள் கருவுற்று, குருதி அழுத்தம் மிகுந்து, மருத்துவமனையிலேயே படுக்க வைத்துவிட்டார்கள் என்று அறிந்ததும், எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருந்த தம் பருத்திக்காட்டை விற்றார். ஆங்கிலம் அறிந்த துணை வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வானூர்தி ஏறினார். அதுவரை மதுரையைத் தாண்டாதவர்.

எஸ்தர் தங்கியிருந்த செவிலியர் குடியிருப்பில் விருந்தினர் இரவு தங்கக் கூடாது. எனவே அவள் தன் தோழியர் வழியாக ஒரு கல்லூரி விடுதியில் எங்களுக்கு அறை பார்த்து வைத்திருந்தாள். கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால், அவ்வறைகளை வெளியாருக்குக் குறைந்த வாடகையில் விடுவது அந்நகரத்து வழக்கம். ஆனால் நாங்கள் எதிர்பார்த்த நாளில் குழந்தை பிறக்கவில்லை. அறையைக் காலி செய்ய வேண்டிய நாள் தவறாமல் வந்துவிட்டது; அடுத்து வருவோர் முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். கோடைகாலமாதலால் உலகத்தார் அனைவரும் அங்கேதான் இருந்தார்கள் போலும்! சாதாரண விடுதிகளில் கேட்ட ஓரிரவு வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு திங்கள் உண்ணலாம். கையிலிருப்பதைக் கொண்டு நாள் கணக்கில் தங்க இயலாது. குழந்தை எப்போது பிறக்கும் என்று மருத்துவர்களும் சொல்லவில்லை. மலிவான இடம் கிடைக்காவிட்டால் அக்கா மகளை மீண்டும் தனியே விட்டுத் திரும்ப வேண்டும். அதுதான் நிலை.

மருத்துவமனையைச் சுற்றியிருந்த தெருக்களில், சன்னலில் 'அறை வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிய வீடுகளையெல்லாம் காலையிலிருந்து தட்டிக்கொண்டு நடந்தோம். நான் ஒவ்வொரு வாயிலிலும் இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் வாடகை என்னவென்று கேட்டேன். அவர்கள் சொன்னார்கள். நாங்கள் நன்றி சொல்லித் திரும்பினோம். நண்பகலுக்கு மேல் அக்கா என்னை நிறுத்தினார்.

"எதுக்குத் தம்பி எடுத்த எடுப்புலயே வாடகையக் கேக்குற? தண்ணி கேளு. தண்ணி குடுக்குற மொகத்தப் பாத்தா, அந்த வீட்டுல தங்கலாமா வேணாமான்னு தெரிஞ்சுபோகும்."

எங்கள் வறண்ட பூமியில் நடைப்பயணமாக வேற்றூர் போகிறவர்கள் செய்வது அதுதான். இலண்டனிலும் அதையே செய்தோம். முதல் வீட்டு இளைஞன் தெருக்கோடியில் கடை இருப்பதாகக் கை காட்டினான். அடுத்த வீட்டு அம்மையார் பூங்காவில் குழாய் இருக்கிறது என்றார். அவருடைய காலடியில் ஒரு நாய் கிண்ணத்திலிருந்து நீர் அருந்திக்கொண்டிருந்தது. "அதுக்கு வச்சதுல பாதியவாச்சும் நமக்கு ஊத்தியிருக்கலாம்ல" என்றார் அக்கா.

மூன்றாம் வீட்டில் கதவைத் திறந்தவர் கைத்தடி ஊன்றிய கிழவர். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கண்ணாடிக் குடுவை நிறைய நீரும் ஒரு குவளையும் கொண்டு வந்தார். உதட்டில் படாமல் அக்கா அண்ணாந்து குடிப்பதை வாய் பிளந்து பார்த்தார்; குவளை காலியானதும் கேளாமலே மீண்டும் ஊற்றினார்.

"இந்த வீடுதான். இப்பக் கேளு" என்றார் அக்கா.

மாடியில் ஓர் அறை இருந்தது. கல்லூரி விடுதியைவிடவும் வாடகை குறைவு. ஆனால் பெரியவர் தயங்கினார். அங்கே எவரும் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை என்றும், அதை மறைத்து வாடகை வாங்கத் தமக்கு மனம் வரவில்லை என்றும் கூறினார். அறையின் மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்று உண்டு; அதன் குழாய் மாலை ஒன்பது மணியளவில் தானே திறந்துகொள்கிறது; குழாயை மாற்றியாயிற்று, சுவருக்குள் ஓடும் நீர்க்குழலையும் மாற்றியாயிற்று, பயனில்லை; தண்ணீர் ஓடும் ஓசை கேட்டதும் வந்தவர்கள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"தெனமும் வருமாமா?" என்று கேட்டார் அக்கா.

"தெனமுந்தானாம்."

"ஒரே நேரத்துக்கா?"

"ஆமாக்கா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் அந்தக் கிழவரும் காரணம் அறியாமலே சிரித்துவிட்டார். "தெனமும் சொன்ன நேரத்துக்குத் தண்ணி வருது, அதுக்குப் பயந்துக்கிட்டு ஓடுறாகளாக்கும்! நம்ம தெருவுல பத்து நாளைக்கு ஒருக்கா வருது, அதுவும் எந்நேரம்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். பேசி முடி தம்பி."

பேசி முடித்தேன்.

அந்நகரத்துக் கோடையைப் பற்றித் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாலை ஒன்பது மணிக்கும் அங்கே வெயில் இருக்கும். ஆகவே இருட்டில் எதையோ கண்டு மயங்கினேன் என்று எவரும் சொல்வதற்கு இடமில்லை. முதல் நாள் மாலை, சுவரெல்லாம் மஞ்சள் வெயில் படிந்திருக்க, குழாய் திறந்துகொண்டது. உள்ளிருக்கும் தோல்வளையம் தேய்ந்திருக்கும் என்றேன். அக்கா விரைந்து சென்று தம் தூக்குவாளியை அதன் கீழ் வைத்தார். மகளுக்காக எள்ளுருண்டையும் அதிரசமும் நிரப்பி ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு எவர்சில்வர் தூக்குவாளிகளில் அது ஒன்று. வாளி விளிம்புவரை நிறைந்தது. ஒரு துளியும் வழியவில்லை. குழாய் நின்றது.

"நீரழுத்தம் குறைஞ்சிருக்கும்" என்றேன். மக்கு மாணவனை நான் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதே பார்வையை அன்று அக்காவிடம் கண்டேன்.

மறுநாள் எஸ்தருடன் இருந்துவிட்டு நாங்கள் திரும்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. காலையில் போகும்போது ஒரு வாளியைக் குழாயடியில் வைத்து, மற்றதைத் தொட்டியின் மேடையில் காலியாக வைத்துச் சென்றிருந்தோம். திரும்பி வந்து பார்க்கையில் இரண்டும் நிறைந்திருந்தன. இரண்டும் மூடப்பட்டிருந்தன. இரண்டும் தொட்டியருகே இல்லை. கால் படாத இடமாகச் சுவரோரம் தரையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

கீழே இறங்கிப் பெரியவரிடம் கேட்டேன். முழங்கால் நோவினால் தாம் மாடி ஏறிப் பல ஆண்டுகளாகின்றன என்றார். அறையின் சாவி எங்களிடம் மட்டுமே இருந்தது. மேலே வந்தேன். நாளைக்கே வேறிடம் பார்ப்போம் என்றேன்.

"எதுக்கு?" என்றார் அக்கா.

"எதுக்கா? யாரு புடிச்சு வச்சாகன்னு தெரியாம இந்த எடத்துல எப்பிடிக்கா தங்குறது?"

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தப்பத் தண்ணி வந்தா, ஒங் கொடத்த யாரு புடிச்சு வச்சா? எதுத்த வீட்டுச் செல்விதான? புடிச்சு, மூடி, ஓரமா ஒதுக்கி வச்சுட்டுத்தானே போவா. அவ யாருன்னு தெரியும், இவுக யாருன்னு தெரியல. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

உண்மைதான். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அறியாத எங்கள் தெருவில், வீட்டில் இல்லாதவரின் குடத்தை இருப்பவர் பிடித்து வைப்பது எழுதாத சட்டம். பகைவராயினும் குடத்தை மட்டும் காலியாக விடமாட்டார்கள். ஆனால் அது அருப்புக்கோட்டை!

"அக்கா, வெளையாடாதீக."

"யாரு வெளையாடுறா? தண்ணி வருதுன்னு வீட்டக் காலி பண்ணுன மொத அருப்புக்கோட்டக்காரன் நீயாத்தான் இருப்ப. நம்மூருல போயிச் சொல்லிராத, கல்லக் கொண்டி எறிவாக." பிறகு அவருடைய முகத்திலிருந்து சிரிப்பு நீங்கியது. "எம் மக கையில பிள்ளையப் பாத்துட்டுத்தான் இந்த எடத்தவிட்டு நகருவேன். இங்கன பேயி இருந்தா அது ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். வாடகை குடுக்குறது நாம."

பிறகு வந்த நாள்களிலெல்லாம் வாளிகள் அவ்வாறே நிறைந்தன. நாங்கள் இருவரும் அறையில் இருந்தால் குழாய் வாளியை நிரப்பிவிட்டு நின்றுவிடும். இல்லாதபோது, நிரம்பியவை சுவரோரம் ஒதுக்கியும் வைக்கப்பட்டிருக்கும்.

ஒருநாள் நண்பகலில் எஸ்தருக்கு வலி கண்டது. நிலைமை நன்றாக இல்லை என்றார்கள். தாய், சேய் இருவரில் ஒருவருக்கேனும் இடர் நேரலாம் என்று மருத்துவர் என்னிடம் சொன்னதை அக்காவிடம் நான் முழுதும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். அவரை மட்டும் உள்ளே இருக்கவிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். செய்தி இருந்தால் வீட்டுப் பெரியவரின் தொலைபேசிக்கு அழைப்பதாகச் சொன்னார்கள். நான் அறைக்கு வந்து, தொட்டியை நோக்கி நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். ஒரு வாளி குழாயடியில், மற்றது மேடைமேல்.

நம்புவதும் நம்பாததும் தங்கள் உரிமை. வெயில் மங்காத அந்த ஒன்பது மணிக்குக் குழாயின் பிடி திரும்புவதை என் கண்ணால் கண்டேன். சடக்கென்று அல்லாமல், தண்ணீரை மதித்தறிந்த ஒரு கை திறப்பது போல, மெல்ல, வேண்டிய அளவுக்கு மட்டும் திரும்பியது. வாளி நிறையத் தொடங்கியது. என் கண்கள் தாமே மூடிக்கொண்டன. செபம் சொல்ல முயன்றேன். சிறுவயது முதல் சொல்லிவந்த செபத்தின் முதற்சொல் நினைவுக்கு வரவில்லை. நீர் விழும் ஓசை நின்றது. பின் மீண்டும் விழுந்தது. மீண்டும் நின்றது. மூடியை அழுத்திப் பொருத்தும் ஓசை கேட்டதும்தான் கண்ணைத் திறந்தேன்.

இரு வாளிகளும் சுவரோரம் இருந்தன. மரத்தரையில், தொட்டியிலிருந்து சுவர்வரை, ஈரமான வட்டங்கள். கனம் தாளாமல் இடையிடையே இறக்கி வைத்து எடுத்துப் போனால் வாளியின் அடி பதியுமே, அவ்வாறு. அவ்விரு வாளிகளுக்கு அருகே ஒரு பாலாடை இருந்தது. அதிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது.

கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குவைத்த வெள்ளிப் பாலாடை. அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்தது. பிள்ளை பிறக்குமுன் பிள்ளைக்குரிய பொருள் எதனையும் வெளியே எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆகவே அதைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சுருக்குப்பை அப்போது மருத்துவமனையில் அவருடைய இடுப்பில் இருந்தது. நான் தவழாத குறையாகப் போய்ப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பூட்டியே இருந்தது.

கீழே தொலைபேசி மணி அடித்தது. பெரியவர் படிக்கட்டின் அடியில் நின்று என் பெயரைக் குழறலாகக் கூவினார். பெண் குழந்தை. இருவரும் நலம்.

மறுநாள் அக்கா பெட்டியைத் திறந்தார். சுற்றியிருந்த துணி மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது, வெறுந்துணி. பாலாடையைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "தலைக்கு ஒண்ணுன்னு கணக்குப் பாத்து வச்சிருக்காக" என்றார். அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

மருமகன் கப்பலிலிருந்து வந்து சேர்ந்தார். எஸ்தர் தேறினாள். நாங்கள் புறப்படும் மாலையில் அக்கா குழாயைத் தாமே திறந்து ஒரு வாளியை நிரப்பினார், மூடினார், சுவரோரம் ஒதுக்கி வைத்தார். பிடித்து வைத்தவருக்கு ஒருநாளேனும் பிடித்து வைக்காமல் போவது முறையன்று என்றார். அந்த வாளி அவர்களுக்கே இருக்கட்டும் என்றார். பிறகு வாயிலில் நின்று, வெற்றறையை நோக்கி, உறவினர் வீட்டில் விடைபெறுவது போல, எங்கள் ஊரில் எவரும் எவரிடமும் பழக்கத்தால் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னார்:

"அப்ப வாரோம் ஆத்தா. நீங்களும் ஒரு தடவ அவசியம் எங்க ஊருக்கு வரணும்."

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். "அக்கா, என்ன சொல்லீட்டீக?" என்றேன். "வேற என்ன சொல்றது? வராதீகன்னா சொல்ல முடியும்?" என்றார்.

ஊர் திரும்பிச் சில திங்கள் கழிந்தன. மே மாதம். ஒரு ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் தெருவில் தண்ணீர் வந்து நின்றிருந்தது. என் வாசலில் நாங்கள் ஆளுக்கொன்றாக வைத்துப் போன இரண்டு குடங்களும் நிறைந்து, மூடப்பட்டு, சுவரோரம் ஒதுங்கியிருந்தன. தெருமுனையில் செல்வி பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"செல்வி, நீயாத்தா புடிச்சு வச்ச?" என்று அக்கா கேட்டார்.

"நான் காரியாபட்டிக்குப் போயிட்டு இப்பத்தான் மதினி பஸ்ஸு விட்டு எறங்குறேன். ஏன், தண்ணி வந்துருச்சா? அய்யய்யோ, எங் கொடம் காலியாக் கெடக்கே!"

கொளுத்தும் வெயிலில் அவ்விரு குடங்களின் வெளிப்புறமும் வியர்த்திருந்தது. கை வைத்தேன். இலண்டன் தண்ணீரின் குளிர்ச்சி அது; விரல் மரத்தது. அக்கா ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு, "வந்துட்டாக" என்றார். குரலில் அச்சமில்லை, விருந்தினர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நிறைவே இருந்தது. பிறகு அடுத்த குடத்தைத் தூக்கிச் செல்வியின் குடத்தில் பாதியை ஊற்றினார்.

அன்று முதல், வீட்டில் ஆளில்லாத வேளைகளில் மட்டும் அவ்வாறு நிகழ்ந்து வந்தது. ஆண்டுகள் சென்றன. சொன்னால் நாணமாக இருக்கிறது, எனக்கும் அது பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவே ஒருநாள், பாலவனத்தத்தில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு இருவரும் வந்தோம். என் குடம் நிறைந்து மூடியிருந்தது. அதன் அருகே அக்காவின் குடம், தேவைப்படாத பாத்திரத்தை வைப்பது போலக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் ஈரமே இல்லை. செல்வி பதறினாள்: "மதினி, சத்தியமா நான் எதையுந் தொடல. தண்ணி நல்லாத்தான் வந்துச்சு."

அக்கா அந்தக் குடத்தைச் சற்றுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலை கடைத்தெருத் தொலைபேசி நிலையத்துக்கு என்னை அழைத்துப் போய், இலண்டனுக்குப் போட்டு, பேத்தியிடம் நெடுநேரம் பேசினார். அவள் சொன்ன ஆங்கிலம் இவருக்குப் புரியாது. இவர் சொன்ன தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தம் வீட்டுச் சாவியை அன்றிரவு என்னிடம் கொடுத்தார். அந்த வாரம் முடியுமுன், உறங்கியவர் விழிக்கவில்லை.

எஸ்தர் என்னைத் தன்னுடன் வந்துவிடுமாறு ஒவ்வொரு முறையும் அழைக்கிறாள். போகப் போவதில்லை. அக்கா ஓரிடத்தை விட்டு அஞ்சி ஓடியதில்லை; நானும் ஓடமாட்டேன். தண்ணீர் வரக்கூடும் என்று தோன்றும் நாளில் என் ஒற்றைக் குடத்தை வாசலில் நிமிர்த்தி வைத்துவிட்டு வழக்கம்போல வெளியே போகிறேன். திரும்பும்போது தெருமுனையிலேயே என் நடை தளர்ந்துவிடுகிறது. குடம் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று அங்கிருந்தே தெரியும். என்றாலும் தலை நிமிராமல் வாசல்வரை வந்து, முதலில் கையைத்தான் நீட்டுகிறேன்.

இதுவரை ஒவ்வொரு முறையும் விரல் குளிர்ந்திருக்கிறது.